விலங்குகளை அறத்தோடு நடத்துவதற்கு மதம் சாராத தத்துவக் காரணங்கள் உண்டா?

சென்னையில் முதுகலை படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "நான் அசைவம் உண்பவன். விலங்குகளிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்பது வெறும் மன இளக்கம்தானா? கடவுளையோ வினைப்பயனையோ மறுபிறவியையோ நம்பாதவர்கூட ஒப்புக்கொள்ள வேண்டிய தர்க்கம் ஏதேனும் அதற்குப் பின்னால் இருக்கிறதா? செடிகொடிக்கும் உயிர் இருக்கிறதே? அதோடு, இந்தப் பேச்செல்லாம் கடைசியில் சைவ உணவுக்காரர்களின் சாதிப் பெருமையில்தானே போய் முடிகிறது?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் அதைக் கடக்காமல் மற்றவற்றுக்குப் போக முடியாது.

மயிலாப்பூரிலோ மேற்கு மாம்பலத்திலோ வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் 'சைவம் உண்பவர்களுக்கு மட்டும்' என்ற நிபந்தனை புதிதல்ல. அந்த நிபந்தனையால் ஓர் ஆட்டுக்காவது, ஒரு கோழிக்காவது ஏதேனும் நன்மை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். வீடு மறுக்கப்பட்டவர் அடுத்த தெருவில் குடியேறி அதே கறியைச் சமைக்கப் போகிறார். வீட்டுக்காரர் காக்க நினைப்பது தம் வீட்டின் தூய்மையை. விலங்கு பட்ட துன்பம் அவருடைய கணக்கிலேயே இல்லை. தீட்டு என்ற கருத்தும் துன்பம் என்ற கருத்தும் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டதால் இரண்டும் ஒன்று என்று நாம் பழகிவிட்டோம். தத்துவ வாதங்கள் பேசுவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே. உண்பவர் யார், எந்தக் குலம், அவர் கை சுத்தமா என்பவை அதற்குப் பொருட்டல்ல. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகையில் அசைவம் உண்பவர்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேசும் விலங்கறம் இங்கே யாருக்கும் பயன்படாது. போகப்போகப் பார்ப்பீர்கள், இந்த வாதங்கள் சைவ உணவுக்காரரின் டம்ளரையும் விட்டுவைப்பதில்லை.

இனி முதல் கேள்வி. இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம் 1789-இல் வெளியிட்ட அறநெறி, சட்டம் பற்றிய நூலின் ஓர் அடிக்குறிப்பில், விலங்குகள் பகுத்தறியுமா, பேசுமா என்பதல்ல கேள்வி, அவற்றால் துன்புற முடியுமா என்பதே கேள்வி என்று எழுதினார். இன்றுவரை நடக்கும் விவாதத்தின் அச்சாணி அந்த அடிக்குறிப்புதான். ஓர் உயிரை அறக்கணக்கில் சேர்க்க வேண்டுமா என்பதை அதன் அறிவோ அழகோ பயனோ தீர்மானிப்பதில்லை; தனக்கு நேர்வது தனக்கு நல்லதாகவோ கெட்டதாகவோ அதற்குப் படுகிறதா என்பதே தீர்மானிக்கிறது. கல்லை உதைத்தால் கல்லுக்கு ஒன்றும் நேர்வதில்லை. நாயை உதைத்தால் நாய்க்கு ஏதோ நேர்கிறது. அந்த 'ஏதோ' இருக்கும் இடமெல்லாம் நாம் பதில் சொல்ல வேண்டிய இடம்.

இந்த நகர்வு தமிழுக்குப் புதியதல்ல. "தன்னுயிர்க்கு இன்னாமை தானறிவான் என்கொலோ மன்னுயிர்க்கு இன்னா செயல்" என்று குறள் கேட்கும்போது அதில் சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. துன்பம் எப்படி இருக்கும் என்று உனக்கு உன் உடம்பிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே அதைப் பிற உயிர்மேல் செலுத்த என்ன நியாயம் வைத்திருக்கிறாய் என்பதுதான் அதன் கேள்வி. அதாவது, நியாயம் காட்ட வேண்டிய பொறுப்பு துன்புறுத்துகிறவர் பக்கம் போய்விடுகிறது. ஒரு வாதத்தில் இது சின்ன விஷயமல்ல.

எந்தெந்த உயிருக்குத் துன்பம் உண்டு என்பதில் ஐயம் வருவது இயல்பு. தொல்காப்பிய மரபியல் புல்லும் மரமும் ஓரறிவு, நந்தும் முரளும் ஈரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு என்று புலன்களை வைத்து ஏணி கட்டியது. இன்றைய ஆய்வு வேறு வழியில் போனாலும் கேள்வி ஏறக்குறைய அதேதான். 2003-இல் லின் ஸ்னெடனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் அசெட்டிக் அமிலம் செலுத்தி என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். மீன்கள் அடித்தரையில் இருந்தபடி உடலை அசைத்து ஆடின. உதட்டைத் தொட்டியின் சரளைக்கல்லில் தேய்த்தன. இரை எடுக்க வழக்கத்தைவிட நெடுநேரம் ஆயிற்று. மார்ஃபின் கொடுத்தபோது அந்த நடத்தை குறைந்தது. வலி என்ற உணர்வு இல்லாத இயந்திரத்துக்கு வலிநிவாரணி எதற்கு வேலை செய்ய வேண்டும்? நண்டும் இப்போது அந்த வரிசையில் ஏறிவிட்டது. பிரிட்டன் 2022-இல் இயற்றிய விலங்குணர்வுச் சட்டம் நண்டு, இறால் வகைகளையும் கணவாய், ஆக்டோபஸ் வகைகளையும் உணர்வுள்ள உயிர்களாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. கொடுக்கு கட்டப்பட்ட நண்டைச் சந்தையிலிருந்து உயிரோடு வாங்கி வந்து கொதிநீரில் போடும் நம் சமையலறைகளுக்கு அது வசதியான செய்தியல்ல.

"ஆனாலும் மனிதனுக்குத்தானே ஆறாவது அறிவு இருக்கிறது?" என்பது நம்மிடையே எப்போதும் வரும் மறுப்பு. இருக்கட்டும். சிந்திக்கும் ஆற்றல்தான் ஓர் உயிரைத் துன்புறுத்தாமல் இருப்பதற்குக் காரணம் என்றால், பிறந்து ஒரு வாரமான குழந்தைக்கும், மறதி நோயில் பெற்ற பிள்ளையின் பெயரைக்கூட இழந்துவிட்ட முதியவருக்கும் அந்தக் காரணம் பொருந்தாமல் போகிறது. அவர்களைத் துன்புறுத்தலாம் என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம். அப்படியானால் அவர்களைக் காப்பது சிந்தனை ஆற்றல் அல்ல, வேறொன்று. அந்த வேறொன்று வலியை உணர்தல் என்றால், அது ஆட்டுக்கும் உண்டு. மனித இனத்தில் பிறந்தது என்பது மட்டுமே காரணம் என்றால், ஒரு குழுவில் பிறந்ததையே தகுதியாகக் கொள்ளும் வாதம் நமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த வாதம். சாதியை எதிர்க்கிறவர் அதை இங்கே மட்டும் கையில் எடுப்பது கடினம். இந்தப் பாரபட்சத்துக்கு இனவாதம் என்ற சொல்லை ஒட்டி 1970-இல் ரிச்சர்ட் ரைடர் 'ஸ்பீஷியிசம்' (speciesism) என்று பெயர் வைத்தார். 1975-இல் வெளிவந்த தம் நூலின் வழியே தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் அதை உலகறியச் செய்தார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் பலர் இந்த வாதத்தைக் கேட்டுப் புண்பட்டிருக்கிறார்கள். பச்சிளம் குழந்தைகள் பற்றிச் சிங்கர் சொன்ன வேறு சில முடிவுகள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன, அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வாதத்தின் திசையைக் கவனிக்க வேண்டும். யாரையும் கீழே இறக்குவது அதன் வேலையல்ல. குழந்தைக்கு நாம் தரும் காவல் எதன்மேல் நிற்கிறது என்று கேட்டு, அதே தரையில் வேறு சில உயிர்களும் நிற்பதைக் காட்டுகிறது, அவ்வளவே. சிங்கர் கேட்பதும் சமமான நடத்தையை அல்ல, சமமான அக்கறையை. பன்றிக்கு வாக்குரிமை தேவையில்லை, ஏனெனில் அதில் அதற்கு ஒரு நலனும் இல்லை. திரும்பிப் படுக்க இடம் வேண்டும் என்பதில் நிச்சயமாக இருக்கிறது.

1983-இல் டாம் ரீகன் என்ற தத்துவ அறிஞர் இதைவிடக் கடுமையான ஒரு நிலையை எடுத்தார். இன்ப துன்பங்களைக் கூட்டிக் கழிக்கும் கணக்கில் ஒரு விலங்கின் பெருந்துன்பம் ஆயிரம் பேரின் சிறு இன்பத்தால் ஈடுகட்டப்பட்டுவிடலாம் என்பது அவருக்கு உறுத்தியது. நினைவும் விருப்பமும் எதிர்பார்ப்பும் கொண்டு, தன் வாழ்வைத் தானே வாழும் ஒவ்வோர் உயிருக்கும் தனக்கென ஒரு மதிப்பு உண்டு, அதை வேறொருவரின் தேவைக்குக் கருவியாக்கக் கூடாது என்றார். வலியில்லாமல் கொன்றால் என்ன தவறு என்ற கேள்வியில்தான் சிங்கரும் ரீகனும் பிரிகிறார்கள். நன்றாக வாழவிட்டு, அச்சமின்றிக் கொன்று, அந்த இடத்தில் இன்னொரு விலங்கை வாழவைத்தால் கணக்கு குறைவதில்லை என்று சிங்கரைப் போன்ற பயன்கொள்கைக்காரர் (மொத்த இன்ப துன்பக் கணக்கை வைத்தே நன்மை தீமையை அளப்பவர்) சில விலங்குகளைப் பொறுத்தவரையில் சொல்ல முடியும், ரீகனால் முடியாது. எனக்கு இதில் ரீகனின் பக்கமே சாய்வு. என்றாலும், இந்தப் பிணக்கைத் தீர்க்காமலேயே இன்றைய நடைமுறையில் பெரும்பகுதியைக் கண்டிக்க முடியும் என்பதை மறக்கக் கூடாது. அச்சமின்றிக் கொல்லப்படும் விலங்கை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எந்தக் கடையில் பார்த்திருக்கிறோம்? இருசக்கர வண்டியின் கைப்பிடியில், கால்கள் சேர்த்துக் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கியபடி, வெயிலில் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு போகும் பிராய்லர் கோழிகளைத்தான் பார்த்திருக்கிறோம்.

கைம்மாறு என்ற அடிப்படையில் எழும் வாதம் ஒன்று உண்டு. கேட்க இனிமையானது, நான் நம்பாதது. மணிமேகலையில் ஆபுத்திரன் வேள்விக்காகக் கட்டிவைத்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறான். பிடிபட்டபோது அவன் சொல்லும் நியாயம், யாருடைய நிலத்தையும் கெடுக்காமல் விடுநிலத்துப் புல்லை மேய்ந்து, பிறந்த நாளிலிருந்து மக்களுக்கெல்லாம் பால் சுரந்து ஊட்டும் இதன்மேல் உங்களுக்கு என்ன பகை என்பது. அடிபடும் நிலையிலும் நிமிர்ந்து கேட்கும் அந்தக் கேள்வியை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பாலே தராத விலங்கை என்ன செய்வது? உழைத்த நாயைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும் என்று சொன்ன இம்மானுவேல் கான்ட்டிடமும் இதே குறை உண்டு. விலங்கைக் கொடுமைப்படுத்துகிறவன் மனிதரிடமும் கொடியவனாகிவிடுவான், ஆகவே கூடாது என்பது அவர் வாதம். அப்படியானால், நாயை உதைத்தும் மனிதரிடம் கனிவு மாறாத ஒருவனிடம் கான்ட் சொல்ல ஒன்றுமில்லை; நாயின் வலி அந்த வாதத்தில் எங்குமே எண்ணப்படவில்லை. ஒப்பந்தம் செய்ய முடிந்தவர்களுக்கே உரிமை என்று வாதிடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்: ஒப்பந்தம் செய்ய முடியாத குழந்தையைக் காக்கும் நியாயம் எதுவோ, அது ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கிறது. கான்ட்டின் வழியிலேயே நின்று கிறிஸ்டீன் கோர்ஸ்கார்ட் 2018-இல் வெளியிட்ட நூல் இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. என் பசியும் என் வலியும் மதிக்கத்தக்கவை என்று நான் கொள்ளும்போது, பகுத்தறிவுள்ளவனாக மட்டும் நின்று நான் அப்படிச் சொல்வதில்லை. பசிக்கும் வலிக்கும் ஆளான ஓர் உயிராக நின்றே சொல்கிறேன், ஆகவே மற்ற உயிர்களின் பசியையும் வலியையும் மறுக்க எனக்கு வழியில்லை என்பது அவருடைய நிலை.

இவ்வளவையும் ஒப்புக்கொள்ளும் ஒருவர், "கொல்வது நான் இல்லையே, நான் கடையில் வாங்குகிறவன்தானே?" என்று கேட்கலாம். நான் படித்த தத்துவ விவாதங்களில் தமிழ் மிக நுட்பமாகத் தொட்ட இடம் இது. "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்றருவார் இல்" என்பது குறள். தின்பதற்காக உலகம் கொல்லாதிருந்தால், விலைக்காக ஊன் தருவாரும் இருக்க மாட்டார். இந்தக் குறளின் எதிரில் ஒரு வாதி நிற்கிறார். தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால் அந்த ஊனை உண்ணலாம் என்ற விதி பௌத்தத்தில் உண்டு. சமணக் காப்பியமான நீலகேசி பௌத்தரோடு வாதிடும்போது ஊன் உண்ணல் ஒரு முக்கியப் பொருளாவது இதனால்தான். பரிமேலழகர் உரை அந்த மறுப்பின் கூர்மையைக் குறைக்காமல் எடுத்து வைக்கிறது: பின்னால் நிகழும் தின்கை முன்னால் நிகழ்ந்துவிட்ட கொலைக்கு எப்படிக் காரணமாகும்? காரணம் காரியத்துக்கு முந்தியதல்லவா? நான் கடைக்குப் போகும் முன்பே கோழி இறந்துவிட்டது. என் வாய் காலத்தில் பின்னோக்கிச் சென்று கத்தியைப் பிடிக்க முடியாது. இதற்கு உரையாசிரியர் அருத்தாபத்தி என்னும் அளவையால் விடை காண்கிறார். பகலில் உண்ணாத ஒருவன் பருத்துக்கொண்டே போனால் இரவில் உண்கிறான் என்று கொள்வது போல, உண்பார் இல்லாவிட்டால் விற்பார் இருப்பதை வேறு எவ்வகையாலும் விளக்க முடியாது என்பதால் உண்பதே காரணம் என்பது பெறப்படுகிறது.

இதே சிக்கலை இன்றைய தத்துவத் துறைகள் புதிய உடையில் பேசிக்கொண்டிருக்கின்றன. கோடிக்கணக்கில் கோழி புழங்கும் சந்தையில் நான் ஒருவன் ஒரு கோழியை வாங்காமல் விட்டால் பண்ணைக்காரர் ஒரு குஞ்சையாவது குறைத்து வளர்ப்பாரா என்பது கேள்வி. வழக்கமான விடை நிகழ்தகவைக் கொண்டு சொல்லப்படுவது. கடைக்காரர் கூண்டுக்குப் பதினைந்து கோழி என்று எடுக்கிறார் என வைத்துக்கொண்டால், பதினான்கு பேர் விலகியும் அவர் ஆர்டர் மாறாது, பதினைந்தாமவர் விலகும்போது ஒரு கூண்டே குறையும்; நான் அந்தப் பதினைந்தாமவராக இருக்கும் வாய்ப்பு பதினைந்தில் ஒன்று, குறைவதோ பதினைந்து கோழிகள்; ஆகச் சராசரியில் என் விலகல் ஒரு கோழிக்குச் சமம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மிஞ்சியதை ஹோட்டலுக்குத் தள்ளிவிடும் உண்மையான கடைக்காரர் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. குறள் 'நீ' என்று சொல்லாமல் 'உலகு' என்று சொன்னது இங்கே கைகொடுக்கிறது. காரணம் தனி ஒருவனின் வாங்கல் அல்ல, நாம் எல்லோரும் சேர்ந்து நடத்தும் ஒரு வழக்கம். தனியாளின் கடமை, தன்னால் எத்தனை கோழி குறைந்தது என்ற எண்ணிக்கையிலிருந்து வரவில்லை. தவறு என்று தான் அறிந்த ஒரு கூட்டுச் செயலில் தன் பங்கைத் தொடர்ந்து செலுத்துவதா என்பதிலிருந்து வருகிறது. தன் ஒரு வாக்கால் முடிவு மாறாது என்று தெரிந்தும் காசு வாங்கிக்கொண்டு வாக்களிப்பவரை நாம் குறை சொல்கிறோமே, அந்த நியாயம்தான் இது.

வழக்கம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது போதாது. நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளில் அடுக்குக் கம்பிக் கூண்டுகளில் நிற்கும் கோழி ஒன்றுக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. சிறகை விரிக்க முடியாது. மண்ணில் புரண்டு குளிக்க மண் இல்லை. முட்டையிட மறைவான இடம் தேடுவது கோழியின் ஆழ்ந்த இயல்பு, சாய்ந்த கம்பித்தளத்தில் அதற்கு வழியில்லை, முட்டை உருண்டு முன்னால் வந்துவிடும். அந்த இனத்தில் பொரிக்கும் ஆண் குஞ்சுகள் முட்டையும் இடாது, கறிக்கும் எடை ஏறாது என்பதால் பொரித்த நாளிலேயே கொல்லப்படுவதே தொழிலின் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் இத்தகைய வெற்றுக் கூண்டுகளைத் தடை செய்தது. இந்தியச் சட்ட ஆணையமும் 2017-இல் தன் 269-ஆம் அறிக்கையில் கோழிகளின் நிலையை எடுத்துக்கொண்டு புதிய விதிகள் வேண்டும் என்றது.

பாலுக்கு வருவோம். மாட்டை வாசலுக்கே ஓட்டி வந்து கறந்து கொடுத்த பழைய சென்னையில், கன்று இறந்துவிட்டால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன் நிறுத்துவார்கள். அதை நக்கிக்கொண்டே மாடு பாலை இறக்கும். அந்த வைக்கோல் கன்று இன்று அரிதாகியிருக்கலாம், ஆனால் பால் தராத ஆண் கன்று யாருக்கும் தேவையில்லை என்ற பொருளாதாரம் அப்படியே இருக்கிறது. மாடுகளிடம் கடைசிச் சொட்டுவரை பிழிந்தெடுக்கக் கையாளப்பட்ட கொடுமையை அறிந்து காந்தி பாலை விட்டார். நோயுற்றபோது ஆட்டுப்பாலுக்கு இசைந்ததில் தம் விரதத்தின் உட்பொருளை இழந்துவிட்டதாகத் தன்வரலாற்றில் வருந்துகிறார். துன்பத்தின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால், காசிமேட்டு நாட்டுப்படகில் பிடிபட்டு, சில நிமிடம் மூச்சுத் திணறிச் சாகும் மீனைவிட, ஓராண்டுக்கு மேல் கூண்டில் நின்ற கோழியின் முட்டைதான் கனமான குற்றம் என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. முட்டை சேர்த்த கேக்கைச் சைவத்துக்கு அருகில் வைத்து, மீன் குழம்பை அதற்கு எதிர்முனையில் வைக்கும் நம் வழக்கமான வரிசை தூய்மையின் வரிசை. துன்பத்தின் வரிசை இன்னும் எழுதப்படவே இல்லை.

செடிகொடிக்கும் உயிர் உண்டே என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. வாதம் தொடக்கத்திலிருந்தே உயிரைப் பற்றியது அல்ல, உணர்வைப் பற்றியது. சென்னை ஏழுகிணற்றில் பல்லாண்டுகள் வாழ்ந்த வள்ளலார் தம் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் இக்கேள்வியைத் தாமே எழுப்பிக்கொண்டு, தாவரங்களில் மனம் முதலான கரணங்கள் வளர்ச்சி பெறவில்லை என்றும், வித்தும் காயும் கனியும் கொள்வது விலங்கைக் கொல்வதைப் போன்றதல்ல என்றும் விடை சொன்னார். வாடிய பயிரைக் கண்டு வாடியவரே இந்த வேறுபாட்டைச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஒருவேளை செடிக்கும் வலி உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ கறிக்குப் பல கிலோ தீவனம் ஆகிறது. செடியின்மேல் இரக்கம் உள்ளவர் முதலில் கறியைத்தான் குறைக்க வேண்டும். புலி மானைத் தின்னவில்லையா என்பதற்குப் பதில் அதைவிடச் சுருக்கம்: புலிக்கு மாற்று உணவும் இல்லை, இந்தக் கேள்வியும் இல்லை.

சட்டம் இந்த வாதங்களை எவ்வளவு ஏற்றிருக்கிறது என்பதும் உங்கள் கேள்வியில் அடங்கியதே. சென்னை இதில் முன்னோடி நகரம். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 1962-இல் அமைக்கப்பட்ட விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. முதல் முறை குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது பசு தானே வந்து மணியை அடிப்பது. அங்கே அது வழக்காளி; நம் சட்டத்தில் அது வழக்கின் பொருள் மட்டுமே. 2014-இல் ஜல்லிக்கட்டைத் தடை செய்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விலங்குக்கு உள்ளார்ந்த மதிப்பு உண்டு என்ற அளவுக்குச் சென்றது. 2017 சனவரியில் மெரினாவில் நடந்ததும் அதன்பின் வந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டமும் நாம் அறிந்தவை. 2023-இல் அத்திருத்தத்தை ஏற்ற அரசியல் சாசன அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்பதற்கு முன்தீர்ப்பு இல்லை என்றது.

அந்த நாட்களில் மிகுதியாகக் கேட்டவை இரண்டு. நாட்டு மாட்டினம் அழியாமல் காப்பாற்றப்படுகிறது என்பது ஒன்று. இனம் காக்கப்படுவது நல்லதே, ஆனால் வாலை முறுக்கும்போது வலிப்பது இனத்துக்கு அல்ல, அந்த ஒரு காளைக்கு. முதலாவது இரண்டாவதை ஈடுசெய்யுமா என்பதைத் தனியே நிறுவ வேண்டும். பிரியாணி தின்கிறவர் ஜல்லிக்கட்டைக் கண்டிக்கலாமா என்பது மற்றொன்று. கண்டிக்கலாம், சொல்பவரின் முரண்பாடு சொல்லப்பட்டதைப் பொய்யாக்காது. ஆனால் கண்டித்த பிறகு, ஆண்டுக்குச் சில நிமிடம் வாடிவாசலில் நிற்கும் காளையைவிட ஆயுள் முழுவதும் கூண்டில் நிற்கும் கோழி ஏன் அவரை உறுத்தவில்லை என்ற கேள்விக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

கோட்பாடுகள் தடுமாறும் இடம் தெருநாய். சூ டொனால்ட்சனும் வில் கிம்லிக்காவும் 2011-இல் வளர்ப்பு விலங்குகளை நம் சமூகத்தின் உறுப்பினராகவும், காட்டு விலங்குகளைத் தம் நிலத்துக்குத் தாமே உரிய மக்களைப் போலவும், நம்மிடையே வாழ்ந்தும் நம்மைச் சாராதவற்றை ஒரே ஊரில் உடன் வாழ்பவர்களாகவும் பிரித்தார்கள். நம் தெருநாய் மூன்றிலும் ஒரு காலை வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. 1960-களிலேயே கருத்தடை என்ற மாற்றை முன்வைத்து உழைத்தது இந்நகரத்து விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ். 2025 ஆகஸ்டில் தில்லி நாய்களைக் காப்பகத்தில் அடைக்க உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், சில நாட்களிலேயே அதை மாற்றி, வெறிநோயோ ஆக்ரோஷமோ இல்லாதவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதைப் பார்த்தோம். விலங்குகளுக்கு அறநிலை உண்டு என்று வாதிடுவதால், கடிபட்ட குழந்தையின் பக்கம் பேசக் கூடாது என்று ஆகிவிடாது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ மரணம் உறுதி. குழந்தையின் உயிரும் நாயின் நடமாட்டமும் மோதினால் குழந்தையின் பக்கமே தராசு சாயும். ஆனால் அந்த மோதல் தானாக வந்ததல்ல. தடுப்பூசியும் கருத்தடையும் தொடர்ந்து நடக்காததாலும் தெருமுனையில் குப்பை குவிவதாலும் வந்தது. நம் அலட்சியத்தின் விலையை நாயின் கணக்கில் எழுதுவதையும், ஊட்டுவதோடு தம் பொறுப்பு முடிந்ததாக ஊட்டுபவர்கள் நினைப்பதையும் ஒன்றாகவே கண்டிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வாதங்கள் அனைத்திலும் 'தேவையின்றி' என்ற நிபந்தனை ஒளிந்திருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதை நேர்மையாகச் சோதிக்க வேண்டிய இடம் பள்ளிச் சத்துணவு முட்டை. வீட்டில் போதிய பருப்புக்கே வழியில்லாத குழந்தைக்கு அந்த முட்டை தேவை. அதைத் தட்டிலிருந்து எடுக்கச் சொல்லும் எவரும் துன்பத்தைப் பேசவில்லை, மறுபடியும் தூய்மையைத்தான் பேசுகிறார் என்பதே என் கருத்து. ஆனால் முட்டை தேவை என்பதிலிருந்து கூண்டும் தேவை என்ற முடிவு வராது. முட்டையின் எடையையும் தரத்தையும் ஒப்பந்தப்புள்ளியில் எழுதும் அரசு, அதை இட்ட கோழிக்கு எவ்வளவு இடம் இருந்திருக்க வேண்டும் என்பதையும் எழுதலாம். விலை கூடும். கூடும் விலையைச் சுமக்க வேண்டியவர் அந்தக் குழந்தையோ நாமக்கல்லில் கடன் வாங்கிப் பண்ணை வைத்திருக்கும் சிறு விவசாயியோ அல்லர். தேவைக்காக அல்லாமல் விருப்பத்துக்காக உண்ணும் உங்களையும் என்னையும் போன்றவர்கள், வரியிலும் கடை விலையிலுமாக.